ஹுவாங் ஆன்ட்டியின் கடைவாய்ப்பல்

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, டெக்சாஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் மின்சாரம் போய் ஐந்து மணி நேரம் ஆனபிறகு, 214ஆம் எண் வீட்டில் தனியாகக் குடியிருந்த ஹுவாங் யூலான் தண்ணீர் நிரப்பிய சிறிய எவர்சில்வர் கெண்டியைத் தன் வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். நாலு நிமிடத்தில் அது கொதித்தது. உலர்ந்த செவ்வந்திப் பூ நாலைப் போட்டு மூடிவிட்டு, ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கட்டடத்தின் மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் குழாய்த் தண்ணீர் உறைந்திருந்தது. அவர் வீட்டில் உறையவில்லை. ஜன்னலில் பனி ஒட்டவில்லை. ஹுவாங் ஆன்ட்டியின் கீழ்வரிசையில், வலப்பக்கம், கடைசிப் பல்தான் காரணம்.

அவருக்கு எழுபத்தாறு வயது. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் பேரனைப் பார்த்துக்கொள்ளச் சீனாவிலிருந்து காப்பெல்லில் இருந்த மகள் வீட்டுக்கு வந்தார். விமானம் இறங்கியபோது வாயில் இருபத்தாறு பல். பேரன் நடக்கத் தொடங்கியபோது இருபத்து மூன்று. பள்ளியில் சேர்ந்தபோது பத்தொன்பது. பேரனின் பல் வரிசை நேராகட்டும் என்று கம்பி போட்ட வருடம் பதினான்கு. அந்த வருடம் முழுக்க மாதம் ஒருமுறை பேரனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், வெளியே நாற்காலியில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு காத்திருந்தவர் அவர்தான். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவர் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்த மருமகன், சீனப் பெண்களின் அடக்கம் அது என்று நண்பர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். பிறகு மருமகனுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. பிளசன்டனில் வாங்கிய வீட்டில் ஒரு அறை குறைவு. பேரனும் வளர்ந்துவிட்டான். சீனக் கடைகள் பக்கத்தில் இருக்கின்றன, பழகிய ஊர், அம்மாவுக்கு இதுதான் வசதி என்று மகள் ரிச்சர்ட்சனில் வீடு பார்த்துக் கொடுத்தாள். அங்கே குடி வந்தபோது பதினொன்று. விழுந்த பதினைந்தும் ஒரு மிட்டாய் டப்பாவில் இருந்தன.

காப்பீட்டு அட்டை இருந்தது. அதில் முப்பத்திரண்டு வெள்ளைப் பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு கிழவரின் படம். அந்த அட்டை இதயத்துக்குப் பொறுப்பேற்றது, ஈரலுக்கு, முழங்காலுக்கு, கண்ணுக்குக்கூடப் பாதி பொறுப்பேற்றது. வாய்க்கு ஏற்கவில்லை. திட்டத்தை எழுதியவர்கள் வாயை உடம்பில் சேர்க்கவில்லை. சோறு எந்த வழியாக உள்ளே போகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

பல் இரண்டு வருடமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. சொத்தை வேர்வரை இறங்கி அடியில் சீழ் கட்டியிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. ஹுவாங் ஆன்ட்டியின் கணக்கில் அது உடம்பில் ஏறிய தீ. வறுத்ததைத் தின்றால், தூக்கம் கெட்டால், கோபத்தை வெளியே விடாமல் விழுங்கினால் தீ ஏறும். ஏறியது ஈறு வழியாக வெளியே வரும். குளிர்ச்சியானதைக் குடித்து இறக்க வேண்டும். இதை அவர் கீழ்வீட்டு சாந்தியிடம் கையையும் முகத்தையும் வைத்து விளக்கியபோது, விருதுநகர்ப் பக்கத்துக்காரியான சாந்திக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "அட, ஒடம்புச் சூடுதான ஆன்ட்டி! நமக்கு வராததா? வெந்தயம் தாரேன், ஊற வெச்சுக் குடிங்க." அன்றிலிருந்து செவ்வந்தித் தண்ணீர், வெந்தயத் தண்ணீர், பார்லிக் கஞ்சி, வெள்ளரிக்காய். இரண்டு பழைய நாகரிகங்கள் கைகோத்துக்கொண்டு ஒரு சீழ்க்கட்டிக்குக் குளிர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று இரண்டில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீடான 216இல் ஜுஹைர் இருந்தான். வயது முப்பத்து நாலு, ஊர் மேல்விஷாரம். அட்டையில் கிழவர் சிரிக்கும் அதே காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை. இல்லாத நோயாளிகளை உருவாக்கி அவர்கள் பெயரில் விண்ணப்பம் அனுப்புவான். நிராகரிக்க வேண்டியதை மென்பொருள் ஒழுங்காக நிராகரித்தால் திரையில் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் வெற்றி. பதினாலு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி மலீஹா இறந்துபோனாள். பதினொரு நாள் தலைவலி. ஸ்கேனுக்கு அனுமதி வரவேண்டும், காத்திருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதே, அதுவரை மாத்திரை போட்டுக்கொள் என்று இவனும் சொன்னான். அவள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அவன் தோலுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. ஆவி வருகிறதா என்று பார்த்துத்தான் டீ குடித்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஹுவாங் ஆன்ட்டி. ஒருநாள் துணி துவைக்கும் அறையில், உலர்த்தியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஜீன்ஸின் இரும்புப் பித்தானை ஜுஹைர் வெறும் விரலால் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்தார். கிட்டே வந்து அவன் கையைத் தொட்டார்.

"யூ டெட்?"

"நோ, ஆன்ட்டி."

"வொய்ஃப் டெட். யூ, கோல்ட்." பிறகு அவன் துணியை வாங்கித் தானே மடித்துக் கொடுத்தார். மடித்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டான். அதற்குப்பின் வாரம் இரண்டு நாள் அவன் கதவில் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி வந்தது. அவர் வாயால் தின்ன முடிந்தது அதுதான். மற்றவர்களுக்கும் அதையே சமைத்தார். பல் பொறுக்கமுடியாமல் போன இரண்டு தடவையும் ஜுஹைர்தான் அவசரச் சிகிச்சைக்குக் காரில் கூட்டிப்போனான். இரண்டு தடவையும் ஏழு மணி நேரம் உட்காரவைத்து, மாத்திரை கொடுத்து, உங்கள் பல் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினார்கள். உங்கள் பல் மருத்துவர் என்று ஒருவர் இல்லை என்பதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. மகளிடம் ஃபோனில் சொன்னான். அவள் நல்ல பெண்தான். "அம்மா எங்கிட்ட ஓகேன்னு சொல்றாங்களே," என்றாள் ஆங்கிலத்தில். அம்மா பதிமூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லிவந்தார்.

மின்சாரம் போன திங்கட்கிழமை காலையில் சூட்டை முதலில் உணர்ந்தவர் சாந்தியின் கணவர் மாரிசாமி. அவர் வீட்டுக் கூரைதான் ஆன்ட்டி வீட்டுத் தரை. உறைந்த ஐஸ் மாதிரி கிடந்த வீட்டில் ஹாலின் நடுவில் மட்டும் மேலேயிருந்து வெதுவெதுப்பு இறங்குவதைக் கவனித்து, அதன்கீழே பாயைப் போட்டுப் படுத்தார். பத்து மணிக்கு மேலே போய்க் கதவைத் தட்டினார். மத்தியானத்துக்குள் ஹாலில் பதினெட்டுப் பேர். மாலைக்குள் முப்பத்தொன்று. ஹுவாங் ஆன்ட்டியை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கைக்குழந்தைகள் இரண்டையும் வலப்பக்கம் கிடத்தினார்கள். அவர் தாடை வீங்கியிருந்தது. கண்கள் மின்னின. பதிமூன்று வருடத்தில் அவர் வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை. "ஓகே, ஓகே," என்று எல்லாரையும் உள்ளே வரச் சொன்னார். வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஐடியில் இருபது வருடம் புராஜெக்ட் மேனேஜராக இருந்த மாரிசாமிக்குக் கூட்டத்தைப் பார்த்தால் சும்மா இருக்க வராது. கார் பேட்டரியில் ஃபோனைச் சார்ஜ் செய்து, வாட்சப் குழு ஒன்று தொடங்கி, அதில் ஒரு அட்டவணை போட்டார். வீட்டுக்கு முக்கால் மணி நேரம். குழந்தைகள் இருந்தால் ஒன்றரை. வயதானவர்களுக்கு முன்னுரிமை. நியாயமான அட்டவணை, யாருமே குறை சொல்லவில்லை. மூன்று நாளுக்கும் இருபத்து நாலு மணி நேரமும் கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. ஹுவாங் ஆன்ட்டி தூங்குவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. தோன்றவில்லை. வெறுங்கையோடு வரக்கூடாது என்று எல்லாரும் அவருக்குத் தின்னக் கொண்டுவந்தார்கள்: முறுக்கு, ஆப்பிள், வறுத்த முந்திரி, மக்காச்சோளச் சில்லு. அவர் மடியில் எல்லாம் சேர்ந்துகொண்டே போனது. அவர் ஒன்றைக்கூட வாயில் போடாததை யாரும் பார்க்கவில்லை. ஒரு மைல் தள்ளி இருந்த பள்ளி ஜிம்மில் திங்கட்கிழமையே ஜெனரேட்டர் வைத்து, கட்டில் போட்டு, வாருங்கள் என்று அறிவித்திருந்தார்கள். அங்கே பாத்ரூமுக்கு வரிசை நீளம் என்று யாரோ குழுவில் எழுதினார். பதினொரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஜுஹைர் அட்டவணையில் பெயர் கொடுக்கவில்லை. அவனுக்குக் குளிரவில்லை. புதன்கிழமை காலை எட்டிப்பார்த்தபோது ஆன்ட்டியின் வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. தன் எச்சிலை விழுங்க அவர் இரண்டு தடவை முயன்றார். சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் நாட்காட்டி உருகி வழிந்திருந்தது. சுற்றி உட்கார்ந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் சீட்டு விளையாடினார்.

அவன் காப்பெல்லில் இருந்த பல் மருத்துவர் விசாலாக்ஷிக்கு ஃபோன் செய்தான். சென்னையில் ஒருமுறையும் அதே படிப்பை அமெரிக்காவில் மறுமுறையும் படித்தவர். மலீஹா அவரிடம்தான் போய்வந்தாள். கழுத்து வீக்கம் என்றதும் அவர் குரல் மாறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தை ஐஸ் காரணமாக மூடிவிட்டார்கள், ஆம்புலன்ஸுக்கு ஒன்பது மணி நேரம் ஆகும் என்கிறார்கள் என்றான். விசாலாக்ஷி சொன்னார்: "என் கிளினிக்ல கரண்ட் இல்ல. பரவால்ல, கூட்டிட்டு வாங்க. பல்ல எடுத்துச் சீழ வெளிய விட்டாத்தான் உயிர் தப்பும். லேட் பண்ணாதீங்க ஜுஹைர்."

ஹாலில் வந்து சொன்னான். மாரிசாமி எழுந்து அவனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"தம்பி, நான் வேணாம்னு சொல்லல. நாளைக்குக் காலைல கரண்ட் வந்துரும்னு நியூஸ்ல போட்டிருக்கான். வந்த ஒடனே நானே டிரைவ் பண்றேன்."

"நாளைக்கு வரலன்னா அண்ணே?"

"வரும் தம்பி. இன்னிக்கு மட்டும் மேனேஜ் பண்ணிட்டாப் போதும். அவங்களே ஓகேங்கறாங்கள்ல? கேட்டுப்பாருங்க."

"அவங்களுக்கு இங்கிலீஷ்ல அது ஒண்ணுதான்ணே ஒழுங்கா வரும்."

"கைப்பிள்ளைக ரெண்டு இருக்கு, கோவப்படாதீங்க," என்றாள் சாந்தி.

"கோவம்லாம் இல்லக்கா." சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. பதினாலு மாதமாக எதுவும் இல்லாத இடத்தில் என்னவோ ஒன்று நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஏறியது. ஹுவாங் ஆன்ட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "டுமாரோ," என்றார். குரல் தகரம் மாதிரி வந்தது. "ஆல்வேஸ் டுமாரோ." மடியிலிருந்த முறுக்கையும் ஆப்பிளையும் ஒரே கையால் தரையில் தள்ளிவிட்டார். ஆப்பிள் உருண்டு சீட்டுக்கட்டில் போய் முட்டியது.

"அக்கா, ரெண்டு வருஷமா வெந்தயம் குடுத்தீங்கள்ல," என்றான் ஜுஹைர். "ஒரே ஒரு தடவ அவங்க வாயத் தொறந்து பாருங்க. பாத்துட்டு நாளைக்குன்னு சொல்லுங்க. நான் போயிடறேன்."

சாந்தி ஃபோன் வெளிச்சத்தை அடித்து, குனிந்து, உள்ளே பார்த்தாள். நாலைந்து நொடிதான். முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஷீட்ட டெலீட் பண்ணுங்க. பிள்ளைகளத் தூக்கிட்டு எல்லாரும் ஜிம்முக்குக் கெளம்புங்க. மூணு நாளா நாம குளிர் காய்ஞ்சது இவங்க சீழுலங்க."

அவர்கள் கிளம்பினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் கட்டத்தில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருக்கிறது என்றார். அவர் பெயரை எழுதாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

ரிச்சர்ட்சனிலிருந்து காப்பெல்லுக்கு இருபது மைல். ஃப்ரீவேயில் கவிழ்ந்த லாரிகள் கிடந்தன. ஜுஹைர் மணிக்குப் பத்து மைலில் ஓட்டினான். வழுக்கவில்லை. காருக்கு அடியில் ஐஸ் உருகிக்கொண்டே வந்தது, பின்னால் இருபது மைலுக்கும் ஈரமான ஒரு கறுப்புக்கோடு விழுந்தது. பின்னால் வந்த ஆம்புலன்ஸ் ஒன்றும் பால் வண்டி ஒன்றும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தன. ஹுவாங் ஆன்ட்டி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை எண்ணினார். மடியில் மிட்டாய் டப்பா.

விசாலாக்ஷி நாற்காலியை ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து குழாயில் உறைந்திருந்தது. ஹுவாங் ஆன்ட்டி அதை வாங்கித் தன் உள்ளங்கையில் மூடி, இளக்கித் திருப்பிக் கொடுத்தார். சீழ் உள்ள இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது, வலிக்கும் என்று விசாலாக்ஷி எச்சரித்தார். ஆன்ட்டி வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "ஐ நோ," என்றார். ஜுஹைர் பின்னால் நின்று தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இடுக்கி சிவந்தது. விசாலாக்ஷி மூன்று கையுறைகளை மாற்றினார். நாலாவது இழுப்பில் பல் வந்தது, கூடவே சீழும், அதன்பின் இரண்டு வருடத்து வெப்பமும் ஒரே வீச்சில். அலறல் கேட்டது. அலறியவன் ஜுஹைர். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"கத்த வேண்டியது அவங்க, நீங்க இல்ல," என்றார் விசாலாக்ஷி.

"சுடுது டாக்டர்," என்றான். "சுடுது." அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஹுவாங் ஆன்ட்டி வாயில் பஞ்சோடு திரும்பி அவனைப் பார்த்து, அவன் கையைத் தொட்டு, தலையசைத்தார். உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் மூச்சு ஒழுங்காக வந்தது. பாலம் திறந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நாலு நாளில் வீடு திரும்பினார்.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. பல் எடுத்ததற்கான செலவை ஏற்க இயலாது. இத்திட்டத்தின் நோக்கத்துக்கு வாய் உடம்பின் பகுதியாகக் கருதப்படவில்லை. தங்கள் புன்னகை எங்களுக்கு முக்கியம். ஹுவாங் ஆன்ட்டி அதை ஜுஹைரிடம் படிக்கக் கொடுத்தார். அவனுக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அது நாற்பத்தேழாம் எண் கடிதம். போன செப்டம்பரில் அவன்தான் சோதித்தான். புன்னகை பற்றிய வரி சரியான இடத்தில் வருகிறதா என்று பார்க்க எழுபத்தாறு வயதில் ஒரு பொய்க் கிழவியை உருவாக்கி, அவள் வாயில் ஒரு பொய்ப் பல்லைக் கெடுத்து, விண்ணப்பம் அனுப்பியிருந்தான். ஃபோனில் மொழிபெயர்ப்பை வைத்து இதை அவரிடம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பச்சை எரிந்ததா என்று கேட்டார். எரிந்தது என்றான். அந்த ஆபீஸ் எங்கே என்று கேட்டார். சொன்னான்.

"டுமாரோ," என்றார் ஹுவாங் ஆன்ட்டி. "யூ டேக் மீ."

அந்த 'டுமாரோ' தள்ளிப்போகவில்லை. ஆபீஸ் மூன்று மாடி, தட்டைக் கூரை. பக்கத்திலிருந்த கார் நிறுத்தும் கட்டடத்தின் நாலாவது தளத்திலிருந்து பார்த்தால் கூரை முழுதும் கீழே தெரியும். ஹுவாங் ஆன்ட்டி ஊரில் மேல்வரிசைப் பல் விழுந்தால் மண்ணில் போடுவார்கள், கீழ்வரிசைப் பல்லைக் கூரைமேல் எறிவார்கள். மேல்விஷாரத்திலும் கூரைதான். அமெரிக்காவில் தன்னுடையது என்று ஒரு கூரை அவருக்கு வாய்க்கவில்லை, அதனால்தான் டப்பா நிறைந்தது. புதுப் பல் முளைக்கத்தானே எறிவது, இந்த வயதில் எதற்கு ஆன்ட்டி என்று ஜுஹைர் கேட்டான். "நாட் ஃபார் மீ," என்று கட்டடத்தைக் காட்டினார். மேல்வரிசைப் பற்கள் ஒன்பதையும் ஆபீஸ் வாசலில் இருந்த பூச்செடிகளின் அடியில் ஏற்கெனவே புதைத்தாயிற்று. மற்றதையெல்லாம் எறிந்துவிட்டுக் கடைசியில் கடைவாய்ப்பல்லை எடுத்தார். அது இன்னும் சுட்டது. தோள் வலி, அவரால் அவ்வளவு தூரம் எறிய முடியவில்லை. ஜுஹைர் வாங்கி எறிந்தான். கல்லூரியில் பந்து வீசியவன். கூரையின் நடுவில் விழுந்து, அங்கே பூசியிருந்த தாரை இளக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, காணாமல் போனது.

அன்றிலிருந்து அந்தக் கட்டடம் குளிரவில்லை. ஏப்ரலில் ஏசி நிறுவனத்தார் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள், ஜூனில் கூரையையே பிரித்து மாற்றினார்கள். மூன்றாம் மாடியில் துணைத்தலைவர்கள் சட்டைப் பித்தானைத் திறந்து வைத்து, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள். எல்லாருக்கும் வலதுபக்கக் கீழ்ப்பல்லில் லேசாக ஒரு குடைச்சல் இருந்தது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கு நல்ல பல் காப்பீடு உண்டு. எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். பல்லில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குடைச்சல் நிற்கவில்லை.

செய்தி சீனக் கடைகளில் பரவியது. இப்போது மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, முதியோர் பகல் மையத்தின் வெள்ளை வேன் அந்த நாலாவது தளத்துக்கு வருகிறது. பன்னிரண்டு, பதினாலு பேர் இறங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா. எறிய முடியாதவர்களுக்கு ஜுஹைர் எறிகிறான். மாரிசாமி இறங்கும்போது கைகொடுக்கிறார், யார் முதலில் என்று அவர் இப்போது எழுதி வைப்பதில்லை. சாந்தி குழைந்த பொங்கல் கொண்டுவருகிறாள். ஹுவாங் ஆன்ட்டி மிச்சமிருக்கும் பத்துப் பல்லும் தெரியச் சிரிக்கிறார், கையைக் கொண்டு மூடுவதில்லை. பாதுகாவலர் முதலில் தடுத்தார். பிறகு தன் தாயாரின் இரண்டு பல்லைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமைகளில் ஜுஹைர் அதே கட்டடத்தில் வேலைக்குப் போகிறான். வியர்க்கிறது. கர்ச்சீப்பால் துடைத்துக்கொள்கிறான். நாற்பத்தேழாம் எண் கடிதம் அவன் சோதனையில் இப்போது ஒருமுறைகூடத் தேறுவதில்லை. எந்தக் கிழவிக்கு அனுப்பினாலும் திரையில் சிவப்புதான் எரிகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அவனையும் சேர்த்து. நிறுவனம் ஊழியர்கள் அரைக்கைச் சட்டையில் வரலாம் என்று சுற்றறிக்கை விட்டது, மேசைக்கு ஒரு விசிறி கொடுத்தது. வாயை இன்னும் உடம்பில் சேர்க்கவில்லை. வேன் மாதாமாதம் வருகிறது.